கரந்து செல்லும் ஆறு



பரமசிவன் செய்தருளுந் திருத்தொழில்கள் ஐந்து என்பது நம்முடைய பாடசாலைகளிலே சிறு பிள்ளைகளும் ஒப்புவிக்கும் பாடமாகும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தினையும் ஒரே மூச்சிற் சொல்லிவிடுவர். ஆயினும், பொருள் விளக்கப் புகுமிடத்து, நான்காவதாகிய மறைத்தலிலே பிள்ளைகள் இடறுவர். உண்மையை மறையாது கூறின், உபாத்தியாயர்களும் இடறுவர். படைத்தான் என்றால் விளங்குகின்றது. காத்தான் என்றால் விளங்குகின்றது. அழித்தலும் இளைப்பாற்றுதற் பொருட்டென்று சொல்ல அமைகின்றது. மறைத்தான் என்றாலோ, எதனை மறைத்தான், யாருக்கு மறைத்தான், எதன்பொருட்டு மறைத்தான் என்னும் வினாக்கள் ஒன்றன்மேலொன்றாய் எழுகின்றன. கருணையே வடிவாயுள்ளவன் தன்னையே நம்பிய உயிருக்குத் தன்னை ஒளிப்பானா? இவ்வினாவை மாணவனொருவன் எழுந்து கேட்டபொழுது யாம் விடை சொல்ல மாட்டாது நின்றதுண்டு. அன்று சொல்லத் தவறியதை ஓர் ஆற்றின் வரலாற்றைக் கொண்டு இன்று சொல்லப் புகுகின்றோம்.

யாம் இளமையில் மிஷன் பாடசாலை ஒன்றிற் கல்வி பயின்றோம். அங்கே பூமிசாஸ்திரம் கற்பித்த உபாத்தியாயர் ஒருநாள் ஐரோப்பாக் கண்டத்தின் ஒரு பகுதியைக் கரும்பலகையில் வரைந்தார். அதிரியாத்திக் கடலின் வடமுனைக்கு அயலிலே ஓர் ஆற்றைக் கோடாகக் கீறி வந்தவர், அது கடலை அடையுமுன்னரே கோட்டை நிறுத்திவிட்டார். யாம் அதனைப் பார்த்து எழுதும்பொழுது, “இந்த ஆறு இங்கே முடிகின்றது” என்று கொப்பியிற் குறித்தோம். அவர் அருகே வந்து, “முடிகின்றது” என்ற சொல்லை வெட்டி, “மறைகின்றது” என்று சிவப்பு மையினால் எழுதிவிட்டு, வேறொன்றுஞ் சொல்லாது அடுத்த வாங்குக்குச் சென்றார். அவர் எமது சமயத்தவரல்லர். எனினும் அவர் எழுதிய அவ்வொரு சொல் எம்முள்ளே இறங்கி, நாற்பது ஆண்டுகளின் பின் இப்பிரசங்கமாய் வெளிப்படுகின்றது. அச்சொல்லுக்கு யாம் பட்ட கடன் இது.

அந்த ஆற்றின் பெயர் றேக்கா. அந்நாட்டு மொழியிலே ஆறு என்பதே அதன் பொருள். ஸ்னெஸ்னிக் என்னும் மலையின் சாரலிலே பிறந்து, ஸ்லொவேனியா நாட்டின் தென்மேற்குப் பாகத்திலே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் அது வெயில் பட ஓடுகின்றது. அத்தூரத்திற் பெரும்பாலும் அதன் படுகை நீரை உட்புக விடாத மணற்கல்லும் களிக்கல்லுமாகும். பின்னர் அது சுண்ணக்கல் நிலத்தை அடைகின்றது. அந்த மேட்டுநிலத்துக்குக் கார்ஸ்ட் என்று பெயர். உலகின் எப்பாகத்திலாயினும் நீரினாற் கரைந்து குகைபட்ட நிலத்தைக் கண்டால், சாஸ்திரிகள் அதனை இவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றனர். நம்முடைய யாழ்ப்பாணக் குடாநாடும் அவ்வினத்தைச் சேர்ந்த சுண்ணக்கல் நிலமே.

சுண்ணக்கல்லை நீர் எங்ஙனம் வெல்லும்? மழைநீர் ஆகாயத்திலே சிறிதும், மண்ணிலே மிகுதியுமாகக் கரியமில வாயுவை ஏற்று, மெல்லிய அமிலத்தன்மை உடையதாகின்றது. அந்த அமிலம் நாவுக்கும் புலப்படாது, கைக்கும் புலப்படாது. எனினும் கல்லின் வெடிப்புகளிலே புகுந்து, அணு அணுவாகக் கல்லைக் கரைத்துச் செல்லும். மயிரிழை போன்ற வெடிப்பு விரலளவாகி, விரலளவு வாயிலாகி, வாயில் மண்டபமாகும். உளியின் ஓசையில்லை, வெடிமருந்தில்லை. வழி திறந்தபின்னர், வெள்ளத்தோடு வருங் கற்களும் மணலும் உராய்ந்து அதனை மேலும் அகலப்படுத்தும்.

ஷ்கோட்சியன் என்னும் சிற்றூர் ஒரு பாறையின்மேல் இருக்கின்றது. அவ்வூரின் அடியிலேயே றேக்கா ஆறு மலைச்சுவரிற் புகுந்து மறைகின்றது. மறைந்த ஆறு, கூரை இடிந்து விழுந்த இரண்டு பெரும் பள்ளங்களிலே சிறிது நேரம் வெளிச்சத்தைக் காண்கின்றது. அவற்றுட் பெரியதன் ஆழம் ஏறத்தாழ 165 மீற்றர். பின்பு அது முற்றிலும் இருளிலே புகுகின்றது. உள்ளே மூன்றரைக் கிலோமீற்றர் நீளமான பாதாளப் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதன் அகலம் சில இடங்களிற் பத்து மீற்றர், சில இடங்களில் அறுபது மீற்றர். உயரமோ சில இடங்களில் 140 மீற்றருக்கும் மேல். நல்லூர்க் கோபுரத்தை அங்கே நிறுத்தினாலும் அக்குகையின் முகட்டைத் தொடமாட்டாது. அப்பள்ளத்தாக்கின் நடுவிலே, நீர்மட்டத்துக்கு 45 மீற்றர் உயரத்தில் இன்று ஒரு பாலம் உண்டு. அதன்மேல் நிற்போருக்கு ஆற்றின் ஓசை கேட்கும். உருவம் நன்கு புலப்படாது. 1986ஆம் ஆண்டு அக்குகைகள் உலகப் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனத்தாற் பதிவு செய்யப்பெற்றன.

அங்கே 1884ஆம் ஆண்டு ஹாங்கே, மரினிச், முல்லர் என்னும் மூவரும் ஊர்வாசிகள் பலரும் கூடி ஆராய்ச்சியைத் தொடங்கினர். செங்குத்தான சுவரிலே கால்வைக்கும் படிகளை வெட்டி, விளக்கொளியிலே அருவி அருவியாகத் தாண்டி, உள்ளே உள்ள மரித்த ஏரி எனப்படும் நீர்நிலையை 1890இல் அடைந்தனர். அதற்கப்பால் ஒரு படகும் செல்ல வழியின்றி, நீர் கல்லின்கீழே தாழ்ந்துவிட்டது. அந்த ஒடுக்கத்தினாலேயே பெருமழைக் காலத்திலே வெள்ளம் உள்ளே தேங்கி உயருகின்றது. 1965ஆம் ஆண்டு நீர் நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்தது.

அக்குகைகளுள் 1904இல் கண்டறியப்பட்ட மற்றொரு பாகத்துக்கு அமைதிக்குகை என்று பெயர். அங்கே ஆறு இல்லை. துளி மாத்திரமே உண்டு. முகட்டிலிருந்து கசியுந் துளி தான் ஏந்திவந்த கரியமில வாயுவைக் குகைக்காற்றிலே விடும்பொழுது, தான் கரைத்துவந்த சுண்ணத்தையும் அங்கேயே படியவைக்கின்றது. மேலிருந்து கல் விழுதாக இறங்கும். கீழிருந்து கல் தூணாக எழும். கரைத்ததும் நீரே, கட்டியதும் நீரே. இதனை அன்பர்கள் உளங்கொள்க. இதற்கு மீண்டும் வருவோம்.

இனி, கல்லின்கீழே தாழ்ந்த ஆறு என்ன ஆயிற்று? அது அழிந்ததென்று அயலிலுள்ளோர் ஒருகாலும் நம்பவில்லை. இற்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பொசிடோனியோஸ் என்னும் கிரேக்க அறிஞர், அந்நாட்டில் ஓர் ஆறு பாதாளத்தில் வீழ்ந்து, 130 ஸ்தாதியம் மண்ணின்கீழ் ஓடிக் கடலோரத்திலே எழுகின்றதென்று சொன்னதாக ஸ்திராபோ எழுதிவைத்தார். கடலோரத்திலே அது எழும் இடத்துக்குத் திமாவோ என்று பெயர். இத்தாலி நாட்டின் கரையிலே, பாறையடியிலிருந்து ஆறு முழுவடிவோடு புறப்பட்டு, இரண்டு கிலோமீற்றர் மாத்திரம் ஓடிக் கடலிற் கலக்கின்றது. மறைந்த இடத்துக்கும் எழுந்த இடத்துக்கும் நேர்கோட்டிலேயே முப்பது கிலோமீற்றருக்கு மேல். பண்டையோர் அவ்வூற்றருகே கோயில் எடுத்தனர். பிற்காலத்தார் அங்கே தேவாலயம் அமைத்தனர். மறைந்து வந்த நீர் வெளிப்படும் இடத்திலே மனிதன் கைகூப்புவது எந்நாட்டிலும் இயல்பாயிருக்கின்றது. கீரிமலையை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

ஆனால் நடுவே ஆறு எவ்வழி செல்கின்றது? திரியெஸ்தே என்னும் துறைமுகப்பட்டினத்து மக்கள் குடிநீருக்கு வருந்திய காலத்தில், லிண்ட்னர் என்பவர் இவ்வினாவைத் தலைமேற் கொண்டார். றேக்கா பெருகும் நாட்களிலே, அதற்கு வெகுதூரத்திலுள்ள பாறை வெடிப்புகளிலிருந்து காற்று சீறிக்கொண்டு வெளிவருதலை அவர் கவனித்தார். உள்ளே நீர் உயர்ந்தாலன்றோ காற்று தள்ளப்படும்? காணாத ஆற்றை அதன் மூச்சினால் அறிந்தார். திரெபிச்சியானோ என்னும் ஊரிலே அத்தகைய ஒரு துவாரத்தைத் தேர்ந்து, வேலையாட்களைக் கொண்டு பதினொரு மாதம் குழிக்குப்பின் குழியாக வழி திறந்து இறங்கச்செய்தார். 1841ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, 329 மீற்றர் ஆழத்தில், இருளின் நடுவே ஒரு பெருங்குகையும் அதனடியில் ஓடும் ஆறும் காணப்பட்டன. அக்காலத்தில் உலகில் அறியப்பட்ட குகைகளுள் அதுவே மிக ஆழமானது. நெடுங்காலம் அப்பெயர் அதற்கு நிலைத்தது. எனினும் அவ்வளவு ஆழத்திலிருந்து நீரை மேலேற்றுதல் அக்காலத்து இயந்திரங்களுக்கு இயலாமையினால் பட்டினத்துக்கு அந்நீர் பயன்படவில்லை. லிண்ட்னரும் அவ்வாண்டிலேயே இறந்தார்.

அவர் தோற்றவரா? அல்லர். ஆறு மறைந்ததேயன்றி முடியவில்லை என்பதைக் கண்ணாற் காட்டியவர் அவர். பின்னர் 1907ஆம் ஆண்டளவில் மறையும் நீரிலே இலித்தியம் என்னும் உப்பினைக் கரைத்து, அது திமாவோ ஊற்றிலே வருதலைச் சோதித்தனர். அதன்பின்னர் அடையாளமிட்ட விலாங்குமீன்களை ஷ்கோட்சியனிலே விட்டு, அவற்றுட் சிலவற்றைத் திமாவோவிலே பிடித்தனர். நிலாவரைக் கிணற்றில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்ததென்று நம்முடைய பாட்டிமார் சொல்லுங் கதை அன்பர்களுக்கு நினைவு வருதல் கூடும். அக்கதை நிகழ்ந்ததோ நிகழாததோ. நிலத்தின்கீழ் நீருக்கு வழியுண்டு என்னும் அறிவு அதனுள் இருக்கின்றது.

இனி, மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம். இறைவன் மறைக்கின்றான் என்பது அவன் விலகிப் போகின்றான் என்பதன்று. உயிர் ஆணவ இருளினாற் கட்டுண்டு கிடக்கின்றது. அந்நிலையிலே மெய்ப்பொருளை ஒருங்கே காட்டினும் அது கொள்ளமாட்டாது. ஆகவே இறைவன் தன்னைக் காட்டாது, மலத்தின் வழியே நின்று, உலகநுகர்ச்சியிலே உயிரைச் செலுத்தி, இன்பதுன்பங்களால் அதனைப் பக்குவப்படுத்துகின்றான். அந்த மறைவான நடத்துகையே திரோதானம். மலம் பரிபாகமுற்ற காலத்திலே, அதுவரை மறைத்து நின்ற அச்சத்தியே அருட்சத்தியாய் வெளிப்படுகின்றது. வேறொரு சத்தி புதிதாக வருவதன்று. ஷ்கோட்சியனில் மறைந்த நீரும் திமாவோவில் எழுந்த நீரும் ஒன்றாதல்போல, மறைத்தலும் அருளலும் ஒரே கருணையின் இருநிலைகள். குகையைக் கரைத்த நீரே தூணைக் கட்டியதென்று முன்னர்க் கூறியதையும் ஈண்டு நினைக. எவ்வுவமையும் ஒருபுடை ஒப்புமையே ஆதலால், ஆறு அறியாது ஓடுகின்றது, இறைவன் அறிந்து நடத்துகின்றான் என்னும் வேற்றுமையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

இங்கே யாம் எமது குற்றமொன்றைச் சொல்லாது மேற்செல்லுதல் தகாது. உபாத்தியாயத் தொழிலுக்கு வந்த தொடக்கக் காலத்திலே, கமக்காரர் ஒருவரின் மகன் எமது வகுப்பிற் படித்தான். பின்னக்கணக்கு அவனுக்கு வரவில்லை. பலமுறை சொல்லியும் வராதுபோகவே, ஒருநாள் வகுப்பார் எல்லாருங் கேட்க, “இவன் கல், இவனுக்குள் ஒன்றும் இறங்காது” என்றோம். பிள்ளைகள் சிரித்தனர். மணி அடித்தது, யாமும் அதனை மறந்தோம். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், தைமாதத்துச் சேர்ப்புநாளன்று, ஒருவர் தம் மகனைக் கைப்பிடித்துக்கொண்டு வந்து எமது மேசைக்கு முன் நின்றார். முகம் நினைவுக்கு வரவில்லை. அவர் சால்வையை அரையிற் கட்டிக்கொண்டு, பணிவாக, “ஐயா, இவனுக்கும் கணக்குக் கொஞ்சம் மெதுவாய்த்தான் ஏறும். கல்லென்று மாத்திரம் சொல்லிப்போடாதேயுங்கோ” என்றார். அவர் குரலிற் கோபம் இல்லை. அதனாலேயே யாம் தலைகுனிந்தோம்.

யாம் மறந்த சொல் அவருள்ளே இருபது ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்றிரவு எமது பழைய உபாத்தியாயர் சிவப்பு மையால் எழுதிய சொல்லையும், யாம் அச்சிறுவனுக்குச் சொன்ன சொல்லையும் ஒருங்கு வைத்துப் பார்த்தோம். இரண்டும் மறைந்தன, இரண்டும் எழுந்தன. ஒன்று ஊற்றாய் எழுந்தது. மற்றது நஞ்சாய் எழுந்தது. அன்றியும், கல்லைப் பற்றி எமக்கு இருந்த அறிவும் பிழையென்று கண்டோம். நீர் இறங்குவது கல்லினுள்ளேதான். வெயில் படும் மண்ணிலே வழிந்தோடும் நீர் கோடையில் வற்றும். கல்லிலே மெல்ல இறங்கிய நீர் எக்காலமும் நிற்கும். மெல்ல ஏற்கும் மாணவனைக் கண்டு ஒன்றும் இறங்கவில்லை என்பது, றேக்கா மறையும் இடத்தில் நின்று ஆறு முடிந்ததென்று எழுதுவதற்குச் சமானம்.

மறைவிலே செல்வது தூயதாயின் தூயதே எழும்; மாசாயின் மாசே எழும். சுண்ணக்கல் நிலம் மணலைப்போல் நீரை வடிகட்டுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே றேக்காவின் மேற்கரையில் இருந்த ஆலைகளின் கழிவு ஆற்றிலே விடப்பட்டது. பல ஆண்டுகள் அக்கழிவு குகைக்குள்ளும் சென்றது. மறைந்ததனால் அது ஒழிந்துவிடவில்லை. 1990ஐ அடுத்து முதன்மையான ஆலை மூடப்பட்டபின்னரே நீர் தெளியத் தொடங்கியது. நம்முடைய குடாநாட்டின் நிலையும் இதுவே. நமக்கு வற்றாத ஆறு இல்லை. மாரிமழை கல்லினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. நிலாவரையிலே மேல்நீர் நன்னீராயும் ஆழநீர் உவராயும் இருப்பது அதனாலே. தோட்டத்தில் அளவின்றி இட்ட உரமும், மலக்குழியின் கசிவும் நைத்திரேற்றாகிக் கிணற்றிலே வருதலை ஆராய்ச்சியாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறுகின்றது. கண்ணுக்கு மறைந்தமையால் இல்லையென்று எண்ணி ஊற்றியது, தன் பிள்ளை குடிக்கும் செம்பிலே திரும்பி வருகின்றது. இதனைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தலும் சைவப் பாடசாலையின் கடமையே. நீரைத் தீர்த்தமென்று வணங்குவோர் அதனை மாசுபடுத்தல் எங்ஙனம் பொருந்தும்?

ஆதலால், அன்பர்களே, மூன்று விஷயங்களை வேண்டிக்கொள்கின்றோம். முதலாவது, மாணவன் உள்ளத்திலே இறங்கும் வாயிலைக் காத்தல். வகுப்பிலே சினத்தாற் சொல்லும் ஒரு சொல்லும் காற்றோடு போவதன்று என்பதை மறவாதிருப்போமாக. இரண்டாவது, பயன் உடனே காணப்படாமையால் மனஞ் சோராமை. லிண்ட்னர் கண்ட ஆறு அவர் காலத்துக்கு உதவவில்லை. எனினும் அவர் கண்டது மெய். நாம் கற்பித்தது எங்கே, எவ்வடிவில் எழுமென்று காணும் பேறு நமக்கு வாய்க்காது போகலாம். ஐம்பது கிலோமீற்றர் வெயிலில் ஓடியவன் ஆசிரியன். பாதாள வழியை நடத்துபவன் இறைவன். மூன்றாவது, காற்றின் சீறலைக்கொண்டு ஆற்றை அறிந்தவரைப்போல, மாணவனிடத்திலே தோன்றும் சிறு குறிப்பை நோக்கும் பொறுமை. பேசாத பிள்ளையின் ஒரு வினா, பின்தங்கிய பிள்ளையின் ஒரு புன்சிரிப்பு, உள்ளே நீர் உயர்கின்றதென்பதற்கு அடையாளமாகலாம்.

அந்தத் தந்தை கைப்பிடித்து வந்த சிறுவன் இப்பொழுது ஆறாம் வகுப்பிற் படிக்கின்றான். பின்னக்கணக்கை மெதுவாகவே செய்கின்றான், சரியாகச் செய்கின்றான். சென்ற வாரம் அவன் கொப்பியிலே ஒரு கணக்கு நடுவில் நின்றிருந்தது. பிழையென்று கோடிடப் போன எமது சிவப்புப் பேனை நின்றுவிட்டது. மறுநாள் அவனே அதனை முடித்துக்கொண்டு வந்தான்.

மறைத்தல் என்றால் என்ன என்று இனி எம்மை ஒரு மாணவன் வினவினால், கரும்பலகையிலே ஓர் ஆற்றைக் கீறி, கடலை அடையுமுன்னே கோட்டை நிறுத்துவோம். எந்தப் பிள்ளையாவது “முடிகின்றது” என்று எழுதினால், அருகே சென்று அந்த ஒரு சொல்லை மாத்திரம் திருத்துவோம். எஞ்சியதைத் திருவருள் நடத்தும்.

திருச்சிற்றம்பலம்.